ஐந்நூற்று எண்பத்தெட்டு நல்ல எண்கள்

எங்கள் குடும்பப் பதிவேட்டுக்காக முதலில் தகவல்களை எழுதிவிடுகிறேன். கருத்துக்கு இடம் பின்னால் இருக்கிறது.

அக்கா எங்கள் நால்வரில் மூத்தவர். இருபத்தைந்தாம் வயதில் செவிலியர் பணியில் சேர்ந்தார். முதல் பதினான்கு ஆண்டுகள் பிரசவ வார்டில் வேலை. அதன்பின் ஓய்வுபெறும் நாள்வரை, சர்க்கரை நோயுள்ள கர்ப்பிணிகளுக்கென்று ஒதுக்கப்பட்ட ஓர் அறையில். உயரம் ஐந்தடி. மூக்குக்கண்ணாடி ஐந்து முறை மாற்றப்பட்டது. ஒரே மகன், வெளியூரில் இருக்கிறான். பட்டப்பெயர், நோட்டக்கா. அதை வைத்தவர்கள் நோயாளிகள். குடும்பம் பிற்பாடு எடுத்துக்கொண்டது.

அந்த அறை மருத்துவமனையின் முதல் மாடியில், படி ஏறியதும் இடப்பக்கம் மூன்றாவது கதவு. அதிகம் படி ஏறாதீர்கள் என்று கீழே டாக்டரிடம் அறிவுரை பெற்ற பெண்கள் அனைவரும் இருபத்திரண்டு படி ஏறித்தான் அங்கே வர வேண்டும். அறையைக் கீழே மாற்றக் கோரி அக்கா ஒன்பது கடிதங்கள் எழுதினார். ஒன்பதாவது கடிதத்துக்குப் பிறகு படிக்கட்டில் ஒரு கைப்பிடி வைத்தார்கள். அறைக்குள் ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், உள்ள எடையைவிட நானூறு கிராம் கூடுதலாகக் காட்டும் ஓர் எடை இயந்திரம், முழங்காலால் இடித்தால் மட்டுமே திறக்கும் ஓர் இழுப்பறை. வெளியே நடையில் இரண்டு பெஞ்சுகள். கதவு சரியாகச் சாத்தாது. ஆகையால் உள்ளே ஒருத்திக்கு விழும் திட்டு பெஞ்சில் இருக்கும் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்தே விழும்.

வேலை இதுதான். சர்க்கரை உள்ள கர்ப்பிணி ஒவ்வொருத்தியும் வீட்டில் தன் விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினில் காட்டி, வரும் எண்ணை நோட்டில் எழுத வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் நாளொன்றுக்கு ஏழு முறை: மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு முன்பும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம் கழித்தும், படுக்கப்போகும்போதும். வெறும் வயிற்றில் தொண்ணூற்றைந்துக்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் நூற்றிருபதுக்குள் இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நோட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏற வேண்டும். அந்த எண்களைப் பார்த்துத்தான் பெரிய டாக்டர் இன்சுலினைக் கூட்டுவார், குறைப்பார், அல்லது அப்படியே விடுவார். எண் தவறினால் மருந்து தவறும். மருந்து தவறினால் வயிற்றிலுள்ள பிள்ளை அளவுக்கு மீறிப் பெரிதாகும். சில சமயம் காரணம் சொல்லாமல் துடிப்பு நின்றுவிடும்.

இனி கருத்து. மனிதர்கள் எண்களை எழுதச் சொன்னால் எண்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதுவார்கள் என்பது அக்காவின் அனுபவம். பதினான்கு நாள் எண்களை, வரும் வழியில் பேருந்திலேயே, ஒரே பேனாவில், ஒரே குலுக்கல் கையெழுத்தில் எழுதி முடிப்பார்கள். எல்லா எண்ணும் பூஜ்யத்திலோ ஐந்திலோ முடியும். பேருந்து நடத்துநராக வேலை பார்த்த ஒரு பெண் ஒருமுறை நாளைய எண்களையும் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

"நாளைக்கு சாயங்காலம் உனக்கு நூத்திப்பத்து இருக்கும்னு இன்னைக்கே தெரிஞ்சிடுச்சாம்மா?"

"நாளைக்கு டியூட்டி சிஸ்டர். எழுத நேரம் இருக்காது. அதான் முன்கூட்டியே..."

"டிக்கெட்டா இது, முன்கூட்டியே கிழிச்சு கையில குடுக்க? நீ கண்டக்டரா, ஜோசியக்காரியா?"

பெஞ்சு முழுவதும் சிரித்ததாம். நடத்துநரும் சிரித்திருக்கிறார். அக்கா சிரிக்கவில்லை.

ஆகவே அக்கா தமக்கென ஒரு முறை வகுத்துக்கொண்டார். முதலில் விரல், பிறகு மெஷின், கடைசியில்தான் நோட்டு. வந்து உட்காருகிறவளின் இரு கைகளையும் வாங்கித் திருப்பி, விரல் நுனிகளின் ஓரங்களைப் பார்ப்பார். குத்தியிருந்தால் கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அடுத்து மெஷினின் மெமரியை அழுத்தி, அதில் பதிந்துள்ள எண்களோடு நோட்டை ஒப்பிடுவார். அதற்குப் பிறகு சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனா வெளியே வரும். எல்லை தாண்டிய ஒவ்வோர் எண்ணைச் சுற்றியும் ஒரு வட்டம். வட்டங்களை எண்ணி, பக்கத்தின் அடியில் மொத்தம் போட்டு, கதவு சாத்தாத அந்த அறையிலிருந்து அந்த மொத்தத்தை வாய்விட்டுப் படிப்பார்.

இந்தப் பழக்கம் வீட்டிலும் தொடர்ந்தது. "உங்க அக்கா இதுவரைக்கும் என் முகத்தப் பாத்துப் பேசினதில்ல. விரலப் பாத்துத்தான் பேசுவா. மோதிரம் தொலைஞ்சா ஒரு நிமிஷத்துல மாட்டிக்குவேன்" என்று அத்தான் சொல்வார்.

அந்த அறையில் அக்காவின் பதின்மூன்றாம் ஆண்டில் நடந்ததைத்தான் இங்கே எழுத வேண்டும். சம்பந்தப்பட்ட மூவரிடமும் தனித்தனியே கேட்டு, மூவர் சொல்வதும் ஒத்துப்போகும் இடங்களை மட்டும் எழுதுகிறேன். ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. அதை அங்கே சொல்கிறேன்.

தம்பியின் மகளுக்குத் திருமணமான மறு ஆண்டு ஒரு கர்ப்பம். எட்டாம் மாதத்தில் குழந்தையின் துடிப்பு நின்றது. அவளுக்குச் சர்க்கரை இருந்தது என்பதே அதன்பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அப்போது அவள் வேறு ஊரில் இருந்தாள்; வேறு மருத்துவமனை. எங்கள் குடும்பப் பதிவேட்டில் அந்தக் குழந்தைக்குத் தேதியோடு ஒரு வரி இருக்கிறது, பெயர் இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து மறுபடி கருவுற்றபோது, அவளும் அவள் கணவரும் இருந்த ஊரைக் காலிசெய்துவிட்டு, அக்காவின் மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளிக் குடிவந்தார்கள். கணவர் தையல்காரர். கீழே சாலையைப் பார்த்த அறையில் கடை, மேலே குடியிருப்பு. ஓடிக்கொண்டிருந்த கடையை மூடிவிட்டுத் தெரியாத தெருவில் பலகை மாட்டுவது லேசான காரியமல்ல. மனிதர் முகம் கோணாமல் செய்தார்.

"இந்தத் தடவ என் கண்ணு முன்னால நடக்கட்டும். நான் பாத்துக்குறேன்" என்றார் அக்கா. எல்லாரும் நிம்மதியாக மூச்சு விட்டோம். அக்கா மட்டும் விடவில்லை.

பதினான்காம் வாரம். தம்பி மகள் நோட்டோடு மாடி ஏறி வந்தாள். விரலில் புள்ளிகள் இருந்தன. மெமரியும் நோட்டும் ஒத்திருந்தன. நேர்மையான நோட்டு, மோசமான எண்கள். நூற்று எண்பத்தாறு, இருநூற்று மூன்று, நூற்று எழுபத்தொன்று. சிவப்பு வட்டங்கள் மொத்தம் பத்தொன்பது. வேறொருத்தியாக இருந்திருந்தால் அக்கா வழக்கமான திட்டோடு நிறுத்தியிருப்பார். இது சொந்தம். நான்கு ஆண்டுகளாக உள்ளே கிடந்த பயம் கோபமாக மாறி வெளியே வந்தது.

"இதுக்குத்தான் ஊரக் காலி பண்ணிட்டு இங்க வந்து உக்காந்தியா? போன தடவ பட்டது பத்தலையா உனக்கு?"

பெஞ்சில் அன்று பதினொரு பேர். ஒருவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை தம்பி மகள் மெஷினை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊசியை விரலருகே கொண்டுபோவதும் திரும்ப வைப்பதுமாக இருந்தாள். குத்தினால் எண் வரும், எண் வந்தால் வட்டம் வரும் என்ற எண்ணம் அவளை விடவில்லை. டீயோடு வந்த கணவர், எங்கள் மாப்பிள்ளை, அதைப் பார்த்தார்.

"குடு இங்க. இன்னைக்கு ஒரு நாள் நான் குத்திக்கிறேன்."

"உங்க ரத்தம் எதுக்கு?"

"நோட்டுக்கு. நீதான் அளந்து சாப்பிடுற, சொன்ன ஊசியப் போட்டுக்குற. அத்தைக்கு எண்ணுதானே வேணும்? அத நான் குடுக்குறேன்."

தொண்ணூற்றிரண்டு வந்தது. ஒரு நாள் என்பது இரண்டு வாரமானது. பதினாறாம் வாரம் அவள் மாடி ஏறியபோது, மெமரியும் நோட்டும் ஒரு புள்ளி பிசகாமல் ஒத்திருந்தன. வட்டமிட ஓர் எண்கூட இல்லை. அக்கா சிவப்புப் பேனாவைத் திறக்காமலே பையில் செருகினார். பிறகு, அந்த அறையில் யாரும் பார்த்திராத ஒன்றைச் செய்தார், சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை என்று தம்பி மகள் என்னிடம் சொன்னாள்.

அன்று அக்கா அவள் விரல்களைப் பார்க்கவில்லை. ஒத்துப்போகாத இடம் இதுதான். மறந்துபோனது என்கிறார் அக்கா. "என் கைய நீட்டினேன். 'உன் கைய நான் பாக்கணுமா, போடி'ன்னு தட்டி விட்டாங்க" என்கிறாள் தம்பி மகள். எது நடந்திருந்தாலும், பதின்மூன்று ஆண்டுகளாக ஒருத்திக்கும் தளர்த்தாத முறை தன் வீட்டுப் பெண்ணுக்குத் தளர்ந்தது. அதற்கு அடுத்த ஐந்து முறையும் தளர்ந்தே இருந்தது.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அந்த நோட்டை அக்கா காட்சிப்பொருளாக்கிவிட்டார். பக்கங்களைப் பெஞ்சில் இருப்பவர்கள் முன் விரித்து, "இதப் பாருங்க. இவளும் உங்கள மாதிரி ரெண்டு கை, ரெண்டு காலு உள்ளவதான்" என்பார். நடத்துநர் ஒருநாள் நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, "சிஸ்டர், உங்க வீட்டுப் பொண்ணோட சர்க்கரைகூட உங்களுக்கு பயப்படுது" என்றார். அது எவ்வளவு சரியான பேச்சு என்பது சொன்னவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது.

பெரிய டாக்டர் ஒவ்வொரு முறையும் பக்கத்தைப் பார்த்து, "அருமை. அதே அளவே போகட்டும்" என்று எழுதினார். கர்ப்பம் வளர வளர இன்சுலின் தேவை கூடும். கூட்டிக்கொண்டே போக வேண்டும். நோட்டு தேவையில்லை என்றது. ஆகவே பன்னிரண்டு வாரம் பழைய அளவே ஓடியது.

இருபத்தாறாம் வாரத்தில் இரண்டு தாள்கள் வந்தன. ஸ்கேன் தாள், பிள்ளையின் வயிற்றுச் சுற்றளவு இரண்டு வாரம் முந்திப் பெரிதாக இருப்பதாகச் சொன்னது. ரத்தத் தாள், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் விகிதம் ஏழு புள்ளி ஒன்பது சதவீதம் என்றது. நோட்டின் கணக்குப்படி அது ஐந்தரைக்கு மேல் போக வழியே இல்லை.

அக்கா தாளை எடுத்துக்கொண்டு கீழே பரிசோதனைக்கூடத்துக்கு இறங்கினார். கைப்பிடியைப் பிடிக்கவில்லை.

"ட்யூப மாத்திட்டீங்க."

பரிசோதனைக்கூடத்துக்காரர் அக்காவோடு ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்தவர். சண்டையிலும் சமமான பணிமூப்பு. "நாங்க மாத்தல சிஸ்டர்."

"இந்த நோட்டப் பாருங்க. மெமரியோட டேலி ஆகுது. ஒரு புள்ளி தப்பில்ல."

"தப்பே இல்லாத நோட்டு வந்தா எனக்குக் காய்ச்சல் வருதுன்னு போன மாசம்கூட இதே இடத்துல நின்னு சொன்னது யாரு?"

"அது மத்தவங்க நோட்டு!"

அவர் புதிய ட்யூபில் அக்கா கையாலேயே சீட்டு ஒட்டவைத்து, தம்பி மகளிடம் மறுபடி ரத்தம் எடுத்து ஓட்டினார். ஏழு புள்ளி ஒன்பது. அக்கா தம்பி மகளின் மெஷினை வாங்கிவந்து தன் விரலைக் குத்திக்கொண்டு, கூடத்து இயந்திரத்தோடு ஒப்பிட்டார். அதுவும் சரி. எல்லாமே சரியாக இருந்தன. ஒன்றுக்கொன்று மட்டும் பொருந்தவில்லை. "ஏதாவது ஒண்ணு தப்பாயிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்" என்று அக்கா பிற்பாடு சொன்னார். மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல், அத்தானிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். உப்பு அதிகம் என்றார், பிறகு உப்பில்லை என்றார். ஒரே சாப்பாட்டைத்தான் சொன்னார்.

நான்காம் நாள் மதியம், சீருடை அங்கியின் பொத்தான் ஒன்று அறுந்தது. வேலை முடிந்து திரும்பும்போது அதை மாப்பிள்ளையின் கடையில் கொடுத்தார். கடை சிறியது. சுவரோரம் தையல் மெஷின், நடுவில் வெட்டும் பலகை, பலகையின்மேல் அளவு நாடாவும் துணியில் குறியிடும் நீலப் பென்சிலும். தைத்து முடித்த மூன்று சட்டைகள் கம்பியில் தொங்கின. வாடிக்கையாளர் உட்கார ஒரு முக்காலி. அக்கா நின்றுகொண்டே இருந்தார்.

மாப்பிள்ளை ஊசியில் நூலைக் கோத்து, அங்கியை இடக்கையில் பிடித்துத் தைக்கத் தொடங்கினார். அக்கா பழக்கத்தினால் விரலைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, அந்தக் கையக் காட்டுங்க."

"எதுக்கு அத்தை?"

"காட்டுங்க."

இடக்கை மோதிர விரலிலும் சுண்டு விரலிலும், நகத்துக்கு இருபுறமும், கறுப்புப் புள்ளிகள் நெருக்கமாக இருந்தன.

"ஊசி குத்தினது அத்தை. தையக்காரன் கையில வேற என்ன இருக்கும்?"

"தைக்கிற ஊசி ஆள்காட்டி விரல்ல குத்தும், கட்டை விரல்ல குத்தும். சுண்டு விரலோட ஓரத்துக்கு எந்த வழியா வந்துச்சு? நுனியில குத்தாத, ஓரத்துல குத்து, வலிக்காதுன்னு உங்க வீட்டுல வந்து சொல்லிக் குடுத்ததே நான்தானே!"

மாப்பிள்ளை குனிந்து பொத்தானுக்கு முடிச்சுப் போட்டார். மூன்று முடிச்சு. ஒன்றே போதும்.

அக்கா மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார். தம்பி மகள் கைப்பிடிச் சுவரைப் பற்றி மெதுவாக இறங்கி வந்தாள். அத்தையின் கையில் கணவரின் கை இருப்பதைக் கண்டதும் கடைசிப் படியிலேயே நின்று, கேட்காமலே தன் இரு கைகளையும் நீட்டினாள். விரல்கள் வழுவழுவென்று இருந்தன. ஒரு புள்ளி இல்லை. அக்கா முக்காலியில் உட்கார்ந்தார்.

"எத்தன நாளா?"

"பன்னெண்டு வாரம்" என்றாள்.

"பன்னெண்டு வாரம்! நான் படிச்சு, பட்டம் வாங்கி, பதிமூணு வருஷமா ஊர்ல உள்ளவ விரலையெல்லாம் பாத்துட்டு, கடைசியில தையக்காரரோட சர்க்கரையத் தூக்கிட்டு ஊர்கோலம் போயிருக்கேன். பெஞ்சுல இருந்தவங்களுக்கெல்லாம் விரிச்சுக் காட்டினேனே! ஏன் மாப்பிள்ளை, உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் வெட்டித் தச்சுட்டீங்களா?"

அதுவரை அத்தையிடம் குரல் உயர்த்தாத மனிதர் அன்று உயர்த்தினார்.

"அன்னைக்கு அத்தன பேர் முன்னால கேட்டீங்களே அத்தை, போன தடவ பட்டது பத்தலையான்னு. வீட்டுக்கு வந்து மூணு நாள் இவ சரியாத் தூங்கல. மெஷினத் தொடவே பயப்படுறா. நான் என்ன செய்ய? இவ வாயக் கட்டித்தான் இருக்கா. ஊசி ஒண்ணுகூட விடல. நோட்டு ஒண்ணுதான் என்னுது."

"அந்த நோட்ட வச்சுத்தான் மாப்பிள்ளை மருந்த அளக்குறோம்! உங்க கடையில ஒருத்தர் உடம்ப அளந்து இன்னொருத்தருக்குத் தைப்பீங்களா? உங்க ரத்தத்துக்கு அளந்த மருந்த இவளுக்குப் போட்டுட்டு இருந்திருக்கோம். உள்ள இருக்கிறது ரெண்டு வாரம் பெருத்துப்போச்சு."

மாப்பிள்ளை அளவு நாடாவைச் சுற்றத் தொடங்கி, பாதியில் விட்டார். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று அவர் கேட்க நினைத்தது அவர் முகத்திலேயே தெரிந்தது என்றார் அக்கா.

தம்பி மகள்தான் பேசினாள். "அத்தை, திட்டுறத அப்புறம் திட்டுங்க. இப்ப மெஷின எடுங்க."

மாப்பிள்ளை மாடியிலிருந்து மெஷினையும் நோட்டையும் எடுத்துவந்தார். அவளே குத்தினாள். அவள் விரல், அவள் ரத்தம், ஓரத்தில் சரியான இடம். மூவரும் எண்ணுக்காகக் காத்திருந்த ஐந்து விநாடியில் கடைக்கு வந்த ஒருவர், சட்டை ஆயிற்றா என்று கேட்டு, யாரும் திரும்பாததால் போய்விட்டார்.

இருநூற்றுப் பதினான்கு.

அக்காவின் கை பைக்குள் போயிற்று. அதில் சிவப்புப் பேனா ஒன்றுதான் இருந்தது. எடுத்தவர், எதிரே நின்ற பெண்ணின் முகத்தைப் பார்த்தார். பேனாவைப் பலகைமேல் வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த நீலப் பென்சிலை எடுத்து, நோட்டில் 214 என்று எழுதினார். வட்டமிடவில்லை. "சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்டு அதையும் பக்கத்தில் எழுதினார். பென்சிலைத் திருப்பிக் கொடுக்க மறந்தார். மாப்பிள்ளை கேட்கவும் இல்லை.

அன்று மாலையே பெரிய டாக்டரிடம் உண்மையைச் சொன்னார். தன் பங்கையும் மறைக்கவில்லை: சத்தம் போட்டது, விரலைப் பார்க்காமல் விட்டது, இரண்டையும் சொன்னார். இன்சுலின் அளவு அன்றே கூட்டப்பட்டது. மூன்று நாளில் மறுபடி. பிறகு வாரம் இருமுறை. எண்கள் ஒரேயடியாக இறங்கிவிடவில்லை. நூற்றெழுபது வந்தது, நூற்றைம்பது வந்தது, ஒருநாள் காரணமே தெரியாமல் இருநூறு வந்தது. அந்த இருநூறைப் பார்த்தபோது அக்காவின் தாடை இறுகியதையும், வாயிலிருந்து ஒரு சொல்லும் வராததையும் தம்பி மகள் இன்றும் நடித்துக் காட்டுவாள்.

"என்னம்மா நடந்துச்சு நேத்து?"

"தெரியல அத்தை. எல்லாம் அளந்துதான்..."

"சரி. எழுது."

"திட்டணும்னா திட்டிடுங்க அத்தை. இப்படி மூச்சப் பிடிச்சுட்டு இருந்தா உங்களுக்கு பிரஷர் வந்துடும்."

"வரட்டும். அதுக்கு ஒரு தனி நோட்டு போட்டுக்குறேன்."

மாடி அறையில் சிவப்புப் பேனா காணாமல் போனதை முதலில் கவனித்தவர் நடத்துநர்தான். அவருக்கு அப்போது ஒன்பதாம் மாதம். "என்ன சிஸ்டர், பேனா தீந்துபோச்சா?"

"பேனா இருக்கு. பொறுமைதான் எப்பவோ தீந்துபோச்சு. நீ ஒழுங்கா நேத்து எண்ணச் சொல்லு."

நடத்துநர் தயங்கி, நோட்டில் எழுதியிருந்தது நூற்றிரண்டு, மெஷினில் வந்தது நூற்றறுபத்து மூன்று என்றார். அக்கா நூற்றிரண்டை அடித்துவிட்டு நீலத்தில் நூற்றறுபத்து மூன்று எழுதினார். குரல் உயரவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். அடுத்த சில வாரங்களில் நோட்டுகளில் பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் எண்கள் குறைந்தன. பெரிய எண்கள் பெருகின. பெரிய டாக்டருக்கு எரிச்சல் வந்தது.

"என்ன சிஸ்டர் இது? ரெண்டு மாசமா எல்லாருக்கும் கட்டுப்பாடு கெட்டுப்போயிருக்கு. என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

"கெடல டாக்டர். முன்னாடி இருந்ததெல்லாம் எனக்காக எழுதினது. இப்பத்தான் உங்களுக்கு எழுதுறாங்க."

தம்பி மகளுக்கு முப்பத்தேழு வாரம் ஐந்து நாளில் பிரசவம். பெண். மூன்று கிலோ அறுநூறு. அழுதது, சற்றுத் தாமதமாக, ஆனால் அழுதது. சர்க்கரை உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்குப் பிறந்த சில மணி நேரத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும். எனவே குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார்கள். முதல் எண் முப்பத்தெட்டு. குறைவு. உடனே பாலூட்டி, மறுபடி பார்க்கக் காத்திருந்தார்கள். குழந்தைகள் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அக்காவும் மாப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். உள்ளே செவிலியர் மறுபடி அந்தச் சிறு குதிகாலைப் பிடித்தபோது, மாப்பிள்ளையின் இடக்கை தானாக முன்னால் நீண்டதை அக்கா பார்த்தார்.

"கைய மடக்குங்க மாப்பிள்ளை. உங்களுக்கு ஒரு தடவ சொன்னா போதாதா?"

"இல்ல அத்தை... சும்மாதான்."

"அதோட விரல் அதுக்கு இருக்கு. காலும் இருக்கு."

இரண்டாவது எண் நாற்பத்தொன்பது. மூன்றாவது அறுபத்தொன்று. அக்கா பையிலிருந்து நோட்டை எடுத்தார். தாயின் கடைசிப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பி, மூன்று எண்களையும் நேரத்தோடு நீலப் பென்சிலால் எழுதினார். பென்சில் அதற்குள் சுண்டு விரல் நீளத்துக்குத் தேய்ந்திருந்தது. குழந்தையின் முதல் பதிவு எங்கள் குடும்பப் பதிவேட்டில் இல்லை. அந்த நோட்டில்தான் இருக்கிறது. நான் அங்கிருந்துதான் எடுத்து எழுதினேன்.

மாப்பிள்ளை தம் விரலைக் குத்திக்கொண்டது நாளைக்கு ஏழு வீதம் எண்பத்து நான்கு நாள்: ஐந்நூற்று எண்பத்தெட்டு முறை. ஒன்றுகூட எல்லை தாண்டவில்லை. அந்தத் தெருவிலேயே உறுதியாகச் சர்க்கரை இல்லை என்று நிரூபிக்கப்பட்ட ஒரே மனிதர் அவர்தான் என்று அக்கா இன்றும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறார். அவரை மன்னித்தாரா என்று கேட்டேன். "மன்னிக்கிறதா? அங்கியில இன்னும் அந்த மூணு முடிச்சு பொத்தான்தான் இருக்கு. எடுக்கவும் வரல, அறுக்கவும் வரல" என்றார்.

இந்தப் பக்கங்களை எழுதி முடித்து, சரிபார்க்க அக்காவிடம் கொடுத்தேன். நான்கு நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தந்தார். இரண்டு எண்களைத் திருத்தியிருந்தார்; ஸ்கேன் தேதியை மாற்றியிருந்தார். எடை இயந்திரம் காட்டிய கூடுதல் முந்நூற்றைம்பது கிராம் அல்ல, நானூறு என்று ஓரத்தில் எழுதியிருந்தார். பதினான்காம் வாரம் பெஞ்சுக்குக் கேட்கத் தாம் சொன்ன அந்த வரியை அடித்திருப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. அதன் பக்கத்தில் நீலத்தில் ஒரு சொல் இருந்தது: சரி.

பணிக்காலம், முப்பத்து மூன்று ஆண்டுகள். அந்த அறையில் பத்தொன்பது. சிவப்புப் பேனா இல்லாமல் ஆறு.